ஸ்டாப்பிங் மிஸ்

கூடல்நகரைத் தாண்டும்போது பையின் வார் அறுந்துவிட்டது. பையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெற்கே நடந்தேன். ஆனையூரில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் பின்னால் போய்விட்டது. வில்லாபுரத்தில் தெரிந்தவன் ஒருவன் வாடகைக்கு இருக்கிறான். அவன் வீட்டு மொட்டைமாடியில் அன்றைக்குப் படுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் யோசித்து வைக்கவில்லை. ஒரு இடத்தைவிட்டுக் கிளம்பும்போது நான் அதற்கு மேல் யோசிப்பதில்லை. யோசித்தால் கிளம்ப முடியாது.

பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் டவுன் பஸ்ஸில் விசில் அடிப்பார்கள். அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியும் என்று தோன்றவில்லை. நடந்தாலும் கேட்கத்தான் செய்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு விசில், பஸ் நிற்கும். ரெண்டு விசில், பஸ் கிளம்பும். மதுரையில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மிஸ் இதை நம்பித்தான் கெட்டார்.

அவர் அந்தப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை. பெண்பிள்ளைகளுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஸ்டாப்பிங் மிஸ்.

உயரம் குறைவு. நாற்பதைத் தாண்டியவர். சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடுகிற நீல டிராக் சட்டை ஒன்றைப் போட்டிருப்பார். வெயிலில் அதன் தோள்பட்டை வெளுத்திருக்கும். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. அதில் சின்னச் சிலுவையும் விசிலும் சேர்ந்து தொங்கும். நடக்கும்போது ரெண்டும் இடித்துக்கொள்ளும். அவர் வருகிறார் என்பது அந்தச் சத்தத்தில்தான் தெரியும்.

நான் மைதான வேலைக்குப் போய் நின்ற அன்றுதான் அவரை முதலில் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு போர்வெல் லாரி, திருப்பூர் சாயப்பட்டறை, பரோட்டாக் கடை என்று எதிலும் தங்காமல் சுற்றினேன். கடைசியாகக் கப்பலூரில் ஒரு ஃபோம் கம்பெனி. அதையும் மூடிவிட்டார்கள். இதையெல்லாம் தலைமையாசிரியையிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் வேலை கிடைக்கும் என்று தோன்றவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த மிஸ்தான் குறுக்கே கேட்டார்.

"கப்பலூர்லயா? அங்க வேஸ்ட் ஃபோம் கெடைக்குமாப்பா?"

"மூட்டை மூட்டையாக் கெடக்கும் மிஸ். அள்ளிட்டுப் போனாப் போதும்னுவாய்ங்க."

"மேடம், இவரை எடுத்துக்கங்க."

அப்படித்தான் சேர்ந்தேன். ஒரு மினி லாரி நிறையத் துண்டு ஃபோம் கொண்டுவந்து அடுக்கி, மேலும் கீழும் பலகை கொடுத்து, லாரிக்காரர்கள் சரக்குக் கட்டுகிற பெல்ட்டால் இறுக்கினோம். அவைதான் இலக்குகள். விற்களையும் அம்புகளையும் வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவி ஒருவர் வாங்கிக் கொடுத்திருந்தார். இலக்குகளுக்குப் பின்னால் தவறிப்போகிற அம்புகளைப் பிடிக்க வலை வேண்டும். வலைக்கு வழியில்லை. மிஸ் மற்ற டீச்சர்களிடம் பழைய சேலைகளைக் கேட்டு வாங்கி வந்தார். நான் அவற்றைக் கம்பியில் விறைப்பாகக் கட்டப் போனேன்.

"இறுக்காதப்பா. விறைப்பா இருந்தா அம்பு பொத்துக்கிட்டுப் போயிரும். சும்மா தொங்கவிடு. அதுலயே அடங்கிரும்."

அவருடைய வகுப்பு ஜெபத்தோடு தொடங்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்பும் அப்படித்தான். ஆனால் இவர் மட்டும் பிள்ளைகளைக் கண்ணை மூட விடமாட்டார். "கண்ணைத் தொறந்துக்கிட்டே ஜெபம் பண்ணுங்க. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார். கையில வில்லு இருக்கு" என்பார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆமென் சொல்வார்கள்.

பல வாரங்கள் அம்பைக் கண்ணில் காட்டமாட்டார். "இழு" என்பார். நாணைத் தாடைவரை இழுப்பார்கள். கை நடுங்கும்வரை வைத்திருந்துவிட்டு "இறக்கு" என்பார். இழுத்ததை விடாமல் மெதுவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நானும் ஒருநாள் செய்து பார்த்தேன். மூட்டை தூக்கின உடம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இழுத்தது பெரிதில்லை. இறக்கும்போது தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

"மிஸ், எப்ப மிஸ் சுடுவோம்?" என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள்.

"சுடுறதுக்கு இது என்ன துப்பாக்கியா? எய்யறது."

"சரி, எப்ப மிஸ் எய்வோம்?"

"எறக்கத் தெரிஞ்சப்புறம். விடுறதை யாரும் விட்ருவாங்கடி. இழுத்ததைத் திருப்பி வைக்கிறதுதான் கஷ்டம்."

அம்பு கொடுத்த முதல் நாளே தப்பு நடந்தது. அவர் எங்கோ பயிற்சி முகாமுக்குப் போய் விசில் முறையைப் படித்துவிட்டு வந்திருந்தார். ரெண்டு விசில் என்றால் கோட்டுக்கு வர வேண்டும். ஒரு விசில் என்றால் எய்ய வேண்டும். உலகம் முழுக்க அப்படித்தானாம். முதல் வரிசையை நிறுத்தி, வில்லில் அம்பு பூட்டச் சொல்லிவிட்டு, அடுத்த வரிசையைக் கூப்பிட ரெண்டு விசில் அடித்தார். கோட்டில் நின்றவர்களில் பாதிப் பேர் நேராக இலக்கைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். மீதிப் பேர் கையில் அம்பு பூட்டிய வில் இருந்தது.

"ஏய், எங்கடி போறீங்க!"

முன்னால் போனவள் பாண்டிச்செல்வி. செக்கானூரணிப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டுப் பிள்ளை. தினமும் ரெண்டு பஸ் மாறி வருகிறவள். திரும்பிப் பார்த்து வெள்ளையாகச் சொன்னாள்: "ரெண்டு விசிலுன்னா போலாம் ரைட்டுதான மிஸ்?"

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை.

"அப்ப ஒரு விசிலுன்னா?"

"ஸ்டாப்பிங் மிஸ்!" என்று மொத்தப் பிள்ளைகளும் கத்தினார்கள்.

அன்றோடு முறையை மாற்றிவிட்டார். ரெண்டு விசில் என்றால் எய்யலாம், ஆனால் அதை அவர் அடித்தால் மட்டும்தான். ஒரு விசில் என்றால், யார் அடித்தாலும், எப்போது அடித்தாலும், இழுத்ததை இறக்கி, அம்பைக் கழற்றி இடுப்புக் கூட்டில் போட்டு, வில்லை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, கோட்டைவிட்டுப் பின்னால் வந்து நிற்க வேண்டும். அம்பு பிடுங்கப் போவதற்கு விசிலே கிடையாது. அவர் முன்னால் நடந்தால் மற்றவர்கள் பின்னால் போகலாம்.

"புஸ்தகத்துல இருக்கறதை மாத்தலாமா மிஸ்?" என்று கேட்டேன்.

"பயந்த நேரத்துல புஸ்தகமாப்பா ஞாபகத்துக்கு வரும்? பஸ்ஸுதான் வரும். பொறந்ததுலருந்து அதுலதானே ஏறி எறங்குதுக."

பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம். கண்டக்டர் ஒரு விசில் அடித்து வண்டியை நிறுத்தினால், சுவருக்கு இந்தப் பக்கம் வரிசையாக விற்கள் இறங்கும். குறி பார்த்து விடப்போகிற நேரமாக இருந்தாலும் இறங்கும். பிள்ளைகளுக்கு எரிச்சலாக இருக்கும். மிஸ்ஸுக்கு அதைப் பார்ப்பதில் அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியாப்பா! எம்புட்டு அழகா எறக்குதுக!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். அம்பு இலக்கின் நடுமஞ்சளில் போய்க் குத்தினால்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. சாப்பாட்டு வரிசையில் திடீரென்று ஒரு விசில் அடித்துப் பார்ப்பார். வாயில் வைத்த சோற்றோடு பிள்ளைகள் அசையாமல் நிற்பார்கள்.

ஸ்கூட்டியும் அப்படித்தான் ஓட்டுவார். அம்பு ஒட்டுவதற்குப் பசை வாங்க ஒருமுறை பின்னால் உட்கார்ந்து போனேன். பச்சை விளக்கு விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவேயில்லை.

"மிஸ், பச்சை விழுந்திருச்சு."

"விழட்டும். செவப்புல வர்றவன் நின்னுட்டானான்னு பாத்துட்டுப் போவோம்."

ஆட்டோக்காரர் எங்களைத் தாண்டும்போது, "யக்கா, வண்டிய வித்துட்டுக் கோலம் போடப் போக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். மிஸ் அதற்கும் சிரித்தார். பிறகு, யாரோ கேட்டதுபோல, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு நிச்சயம் வரைக்கும் வந்துச்சுப்பா. கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கறதுக்கு முந்தின வாரம் நான்தான் எறக்கிட்டேன்."

"ஏன் மிஸ்?"

"சரியாப் படலை."

"சரியாத்தான் இருந்திருந்தா?"

"அதைத்தான் இன்னும் யோசிச்சிக்கிட்டிருக்கேன்."

இந்தக் குணம் எனக்கும் எப்போதும் பிடித்தது என்று சொல்ல முடியாது. பாண்டிச்செல்வி நன்றாக எய்வாள். வெளிப்போட்டிக்குப் பெயர் கொடுத்து, உடுப்பு தைத்து, எல்லாம் தயார். கிளம்புவதற்கு முந்தின பயிற்சியில் அவள் தோளைச் சுளிப்பதை மிஸ் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், பெயரை எடுத்துவிட்டார். அந்தப் பிள்ளை அழுத அழுகை இன்னும் எனக்குக் கேட்கிறது. மறுநாள் அவளுடைய அப்பா வந்தார். தோளில் துண்டு, செருப்பைக் கேட்டிலேயே கழற்றிவிட்டு மைதானத்துக்குள் வெறுங்காலோடு வந்தார்.

"மிஸ்ஸு, காலேசுல வெளையாட்டுக் கோட்டாவுல சீட்டு வாங்கிருவேன்னு சொல்லிக்கிட்டிருந்தா."

"தோள் போயிருச்சுன்னா என்னண்ணே பண்ணுவீங்க?"

"தோளு நாலு நாள்ல சரியாயிரும் மிஸ்ஸு. வருசம் போயிருச்சுன்னா?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, வாரேன்" என்று திரும்பிப் போனார். "எல்லாத்தையும் நிறுத்தறதுக்குன்னே ஒரு மிஸ்ஸு" என்று பாண்டிச்செல்வி என்னிடம் சொன்னாள். அதன் பிறகும் வகுப்புக்கு வந்தாள். மிஸ்ஸோடு பேசமாட்டாள். விசிலுக்கு மட்டும் கட்டுப்படுவாள்.

இன்னொரு நாள் கணக்கு சார் ஒருவர் மைதானத்துப் பக்கம் வந்தார். ஸ்டாண்டில் இருந்த வில்லை எடுத்து, அம்பில்லாமல் வெறும் நாணை இழுத்து டங்கென்று விட்டார். வில்லைக் கையில் எடுக்கிற எல்லோருக்கும் அந்த ஆசை வரும். அம்பு இல்லாமல் விட்டால் அந்த அடி முழுக்க வில்லுக்கே திரும்பும். வில்லின் மேல்பாதி நடுவில் விரிசல் விட்டுவிட்டது. சார் பதறிப்போய், "சும்மா இழுத்துப் பார்த்தேன் மிஸ்" என்றார். "இழுத்துப் பார்த்தது சரி சார். எறக்கியிருக்கலாம்ல" என்று மட்டும் மிஸ் சொன்னார். அன்று முழுவதும் அந்த வில்லை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் மற்ற விற்களின் நாண்களை நான் அவிழ்த்து வைத்தேன். அது தினமும் செய்கிற வேலை. "கயிறு கட்டுன வில்லு தூங்காதுப்பா. தூங்கலேன்னா சீக்கிரம் சீரழிஞ்சு போயிரும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

அவர் அந்தப் பள்ளியில் நிரந்தரம் இல்லை. வருடா வருடம் நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். விளையாட்டு விழாவுக்கு முன் தலைமையாசிரியை கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார். விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக ஒரு பெரிய வியாபாரி வருகிறார். மைதானத்துக்குக் கூரை போட்டுத் தரத் தயாராக இருக்கிறார். பிள்ளைகள் வில் எய்வதைப் பார்த்து அவர் மனம் குளிர்ந்தால் வகுப்பும் இருக்கும், மிஸ்ஸும் நிரந்தரம். இல்லையென்றால் ஜூனிலிருந்து ஸ்கேட்டிங். அதற்கு ஆள் ஏற்கெனவே தயார்.

மிஸ் அந்த ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்து ஒரே நேரத்தில் விட வேண்டும் என்பது மேடத்தின் ஆசை. அதையும் பழக்கினார். பாண்டிச்செல்வியை வரிசையின் தலைப்பில் நிறுத்தினார். அவள் அப்போதும் பேசவில்லை.

விழா அன்று காலையில் மேடம் மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தப் பழைய சேலையெல்லாம் அவுத்திருங்க. வர்றவர் கண்ணுக்கு நல்லாவா இருக்கு?" என்றார். மிஸ் வாதாடிப் பார்த்தார். முடியவில்லை. சேலைகளை அவிழ்த்தோம். அதற்குப் பதிலாக இலக்குகளுக்குப் பின்னால் போகும் பாதையை நான் கயிற்றால் மறித்து, உள்ளே வரக்கூடாது என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன்.

அப்புறம் விசில். எந்த விழாவாக இருந்தாலும் விருந்தினர் எதையாவது தொடங்கிவைக்க வேண்டும். ரிப்பன் இருந்தால் வெட்டுவார், பலூன் இருந்தால் விடுவார். இங்கே விசில்தான் இருந்தது. மிஸ் கழுத்துக் கயிற்றிலிருந்து விசிலைக் கழற்றி, கழுவித் துடைத்துக் கொடுத்தார். வேறு விசில் அவரிடம் இல்லை. கத்தரிக்கோல் கொண்டுபோவதுபோல் அதைத் தட்டில் பூவோடு வைத்து மேடைக்குக் கொண்டுபோனார்கள்.

"மேடம், ரெண்டு தரம் அடிக்கச் சொல்லணும்."

"சொல்லிட்டேன் மிஸ், சொல்லிட்டேன்."

இன்றைக்கு மட்டும் விருந்தினர் அடிக்கிற ரெண்டு விசிலுக்கும் எய்யலாம் என்று பிள்ளைகளிடமும் சொல்லி வைத்திருந்தார்.

பிள்ளைகள் கோட்டில் நின்றார்கள். மிஸ் "இழு" என்று கை காட்டினார். எல்லா விற்களும் ஒன்றுபோல் வளைந்தன. அப்போதுதான் பார்த்தேன். விழாவுக்கு வந்த போட்டோகிராஃபர் என் கயிற்றுக்கு அடியில் நுழைந்து போய், ரெண்டு இலக்குகளுக்கு நடுவில், புல்லில் குப்புறப் படுத்துக் கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தார். அம்புகள் நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நான் கத்தினேன். ஸ்பீக்கரில் பாண்டு வாத்தியம் ஓடிக்கொண்டிருந்தது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மிஸ்ஸும் பார்த்துவிட்டார். அவர் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே சிலுவை மட்டும்தான் இருந்தது.

விருந்தினர் விசில் அடித்தார். நீளமாக, பெருமையாக, ஒரே ஒரு விசில்.

பாண்டிச்செல்வியின் வில் முதலில் இறங்கியது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது, கடைசிவரை. நாண் ஒன்றுகூட அதிரவில்லை. அம்புகளைக் கழற்றிக் கூட்டில் போட்டார்கள். விற்களை ஸ்டாண்டில் வைத்தார்கள். கோட்டைவிட்டுப் பின்னால் வந்து கைகட்டி நின்றார்கள்.

விருந்தினருக்குப் புரியவில்லை. காதில் விழவில்லையோ என்று இன்னொரு நீள விசில் அடித்தார். பிள்ளைகள் இன்னும் விறைப்பாக நின்றார்கள். பெற்றோர் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மைதானம் முழுக்கப் பரவியது. "என்னம்மா, பிள்ளைகளுக்குப் பயமா?" என்று விருந்தினர் கேட்டது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. தொகுத்து வழங்கிய டீச்சர், "நம்ம பிள்ளைகளுக்குக் கொஞ்சம் டென்ஷன். ஒரு கைதட்டு குடுங்க. அடுத்து ஏரோபிக்ஸ்" என்றார். போட்டோகிராஃபர் எழுந்து பேண்ட்டில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு வெளியே வந்தார். விசிலை விருந்தினர் ஞாபகமில்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கேட்டு வாங்க யாரும் போகவில்லை.

மறுநாள் மேடத்தின் அறைக்கு டீ கொண்டுபோனேன். மிஸ் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் மிஸ் எய்யலை?"

"ஒரு விசில்தான் மேடம் அடிச்சார்."

"எல்லா ஊர்லயும் ஒரு விசில்னாத்தான் எய்வாங்களாம். கேட்டுட்டேன். நீங்க மட்டும் எதுக்கு மாத்தினீங்க?"

"பின்னாடி ஆள் இருந்தது மேடம்."

"அது வேற விஷயம். அவர் அதைப் பாத்தா ஒரு விசில் அடிச்சார்? அவர் ஆரம்பிக்கச் சொல்லி அடிச்சார். பிள்ளைகளும் பின்னாடி பாத்தா எறக்குச்சுக?"

மேடம் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மிஸ்ஸும் அதை யோசிப்பதுபோல் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், போட்டோகிராஃபர் எலக்குக்கு நடுவுல படுத்திருந்தார். நான் பாத்தேன்."

"அவர் எங்க வேணா படுப்பார். அது அவர் வேலை. நீ டீயை வச்சுட்டுப் போப்பா."

அந்த வீடியோ அதற்குள் பெற்றோரின் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்ற ஆரம்பித்திருந்தது. அதன் அடியில் சிரிக்கிற பொம்மைகளாகப் போட்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். பிள்ளைகள் வரிசையாக வில்லை இழுத்து நிற்கிறார்கள். அம்பு முனைகள் எல்லாம் பார்க்கிறவர் முகத்துக்கு நேராக இருக்கின்றன. பிறகு ஒவ்வொன்றாக இறங்குகின்றன. ஊரே பார்த்தது. தாங்கள் எந்த இடத்தில் இருந்துகொண்டு இதைப் பார்க்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

போட்டோகிராஃபர் ஆல்பம் கொண்டுவந்த அன்று வராந்தாவில் அவரைப் பிடித்தேன்.

"அண்ணே, இந்த வீடியோ எங்கருந்து எடுத்தீங்க?"

"படுத்துக்கிட்டு எடுத்தது மாப்ள. செம ஆங்கிள்ல? அம்பு மட்டும் வந்திருந்துச்சுன்னு வச்சுக்க, வேற லெவல்ல இருந்திருக்கும்."

"வந்திருந்தா என்னண்ணே ஆயிருக்கும்?"

"அதேன் வரலையே மாப்ள. உழைப்பெல்லாம் வீணாப் போச்சு" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

ஏப்ரலில் மிஸ்ஸிடம் ஜூனிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசி நாள் நான் ஷெட்டில் நாண்களுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தேன். அவர் வந்தது எனக்குத் தெரியவில்லை. கயிற்றில் சிலுவை மட்டும் தனியாகத் தொங்கியது. இடிப்பதற்கு ஒன்றும் இல்லை. நிமிர்ந்தபோது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நீ பாத்தேல்லப்பா?"

"பாத்தேன் மிஸ்."

"எல்லாம் எறக்குச்சுகள்ல?"

"எறக்குச்சுக மிஸ்."

"ஒண்ணுகூட நழுவலைல?"

"இல்ல மிஸ்."

தலையை ஆட்டினார். ஷெட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார். கேட்டில் நிறுத்தி ரெண்டு பக்கமும் பார்த்தார். ரோடு காலியாகத்தான் இருந்தது. அப்படியும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார்.

திருமங்கலத்தில் ஏதோ ஜவுளிக்கடையில் பில் போடுகிறார் என்று வாட்ச்மேன் சொன்னார். கேட்க நன்றாக இல்லை. அதனால் உண்மையாகத்தான் இருக்கும். பாண்டிச்செல்வி பத்தாம் வகுப்போடு சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சான்றிதழ் வாங்க வந்த அன்று மைதானத்துக்கு வந்து, "மிஸ் எங்கண்ணே?" என்று கேட்டாள். சொன்னேன். இலக்குகள் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே சிமெண்டு போட ஜல்லி கொட்டியிருந்தார்கள்.

ஃபோமைக் குப்பை வண்டியில் ஏற்றினேன். கடைசியாக விற்களை அலுவலக வரவேற்பறைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மாட்டச் சொன்னார் மேடம். நாணைக் கழற்றிவிட்டுத்தான் மாட்டினேன். "இதென்னப்பா கம்பு மாதிரி இருக்கு? கயிறோட மாட்டு" என்றார். கயிறோடு மாட்டினால் கெட்டுப்போகும் என்றேன். "இனிமே யார் எய்யப் போறா?" என்றார். அதுவும் சரிதான். ஒவ்வொன்றாக நாண் ஏற்றி மாட்டினேன். ஏணியை எடுத்த இடத்தில் வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

செல்லூர் வந்தது. வைகைப் பாலத்தில் ஏறியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பாலத்துக்கு அடியில் தண்ணீர் இல்லை, மாடுகள் மேய்ந்தன. தெற்குவாசலில் ஒரு டீ குடித்தேன். பக்கத்து நிறுத்தத்தில் பஸ்கள் வந்து நின்று கிளம்பிக்கொண்டிருந்தன. ஒன்று. ரெண்டு. ஒன்று. ரெண்டு. வில்லாபுரம் போய்ச் சேர்ந்தபோது கால் வீங்கியிருந்தது. சிநேகிதன் கேள்வி கேட்கவில்லை. பாயை எடுத்துப் போட்டுவிட்டு, "காலைல கப்பலூர் வாரியா? எங்க குடோன்ல ஆள் கேட்டாய்ங்க" என்றான். வாரேன் என்றேன்.

மாட்டுத்தீவன குடோன். லாரிகள் பின்புறமாக வந்து மேடையில் ஒட்டி நிற்க வேண்டும். பின்னால் நின்று டிரைவருக்கு வழி சொல்வதுதான் வேலை. சூப்பர்வைசர் ஒரு பிளாஸ்டிக் விசிலைக் கையில் கொடுத்தார்.

"ஒண்ணும் பெரிய வித்தை இல்ல மாப்ள. பஸ்ஸு மாதிரிதேன். ரெண்டு அடிச்சா வருவான், ஒண்ணு அடிச்சா நிப்பான். சும்மா சும்மா நிறுத்தாத. வெளிய வண்டி லைன் கட்டி நிக்கிது."

முதல் லாரி வந்தது. ரெண்டு அடித்தேன். பாதி தூரம் வந்திருக்கும். மேடையின் ஓரத்திலிருந்து ஒரு பெண் கூடையும் விளக்குமாறுமாக இறங்கி வந்தாள். சக்கரத் தடத்தில் சிந்திக் கிடந்த தீவனத்தைக் குனிந்து கூட்ட ஆரம்பித்தாள். முதுகைத்தான் லாரிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்று அடித்தேன். லாரி குலுங்கி நின்றது.

"ஏய்யா, எம்புட்டு எடம் கெடக்கு! எதுக்குய்யா நிறுத்துற?" என்று டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார். சூப்பர்வைசர் அலுவலக வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அந்தப் பெண் நிமிரவேயில்லை. லாரி வந்ததும் தெரியாது, நின்றதும் தெரியாது. நிதானமாகக் கூட்டி, அள்ளிக் கூடையில் போட்டு, இடுப்பில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அவள் போய்ச் சேருகிறவரை விசிலை வாயிலிருந்து எடுக்காமல் நின்றேன். டிரைவர் என் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னார்.

பிறகு ரெண்டு அடித்தேன்.